ரோஸ்லின் அக்காவின் தலைகீழ் மோட்டார்

“தம்பி, இது என் கிடார் இல்ல.”

ரோஸ்லின் அக்கா இப்படிச் சொன்னபோது கிடார் அவர் மடியில்தான் இருந்தது. கை பட்டுக் கை பட்டு வழவழப்பு ஏறிய அதே சிவப்புப் பலகை, அதே கழுத்து, அவரே கொண்டுவந்து மாட்டிய புதுத் தந்திகள். நான் மாற்றியது உள்ளே இருக்கிற ஒரே ஒரு காயிலை. அதுவும் இரண்டாம் முறையாக.

கடத்தூர் சந்தைத் தெருவில் என் கடைக்கு எதிரே மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய வண்டி நின்றுகொண்டிருந்தது. அதன் டிரைவர்கூட எட்டிப் பார்த்தார்.

“சத்தம் வருதுங்களே அக்கா?”

“சத்தம் வருது, யாரு இல்லன்னா? ஆனா போர்வையப் போத்திக்கிட்டு பேசற மாதிரி இருக்குது. என் கிடாரு அப்பிடிப் பேசாது. கண்ணாடி வளையலு குலுங்கற மாதிரி இருக்கும்.”

கடையை ஒட்டினாற்போலத்தான் எங்கள் வீடு. உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த என் மனைவி சுமதி அங்கிருந்தே குரல் கொடுத்தாள். “நல்லாத்தானே இருக்குது? எனக்கு வளையல் சத்தந்தான் கேக்குது.”

‘நீ சும்மா இரு’ என்று நான் கையைக் காட்டினேன். வாத்தியம் வாசிக்கிறவருக்குத் தெரியாததா சமையலறைக்குத் தெரிந்துவிடப் போகிறது என்பது என் நினைப்பு.

அக்கா கிடாரை உறையில் வைத்தார். ஜிப்பை உடனே இழுக்கவில்லை.

“பெங்களூருக்காரரு ஒருத்தரு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்காரு தம்பி. பழைய கிடாருங்கள சேத்து வெக்கறவரு. இன்னும் ஒரு தடவ நீ பாரு. அப்பவும் வரலன்னா அவர்கிட்டயே குடுத்துடறேன். பேசாத கிடார வூட்ல வெச்சுக்கிட்டு நான் என்னா பண்றது?”

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் யார், எனக்கும் கிடாருக்கும் என்ன

தொடரை முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்கு என்னைத் தெரியும். இந்த வாரம்தான் பத்திரிகையைப் பிரித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். எரிந்துபோன போர்வெல் மோட்டார், மிக்ஸி, ஃபேன் எது வந்தாலும் கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது என் தொழில். பள்ளிக்கூடம் ஒன்பதாம் வகுப்போடு சரி.

அது நின்ற கதையும் மோட்டார் கதைதான். பரீட்சை சமயத்தில் எங்கள் கிணற்று மோட்டார் எரிந்துவிட்டது. காயில் கட்டும் கடைக்காரர் நல்ல தாமிரக் கம்பியை எடுத்துக்கொண்டு மட்டமானதைச் சுற்றிவிடுவார் என்று என் அப்பாவுக்குப் பயம். “நீ போயி பக்கத்துலயே ஒக்காந்துக்கோ, கண்ண எடுக்காத” என்று என்னை அனுப்பிவைத்தார். கண்ணை எடுக்காமல் பார்த்தேன். மோட்டார் வீட்டுக்குத் திரும்பியது. நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை.

அப்பாவின் நிலம் தம்பிக்கு வந்தது, பயம் எனக்கு வந்தது. ஒரு மோட்டாரைக் கொடுத்தனுப்பினால் அன்றைக்கே போன் போடுவேன். “தண்ணி ஏறுதுங்களா?” மறுபடி மதியம். மறுபடி சாயங்காலம். ஒருமுறை ராமியனஹள்ளிப் பக்கத்து விவசாயி ஒருவர், “ஏறுதுப்பா, ஏறுது. நீ போன வெச்சியன்னா நான் அந்தத் தண்ணியில குளிப்பேன்” என்றார்.

இப்படிப்பட்டவன் கையில்தான் ரோஸ்லின் அக்காவின் கிடார் வந்து சேர்ந்தது.

அக்கா பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். கிழமை நாட்களில் அரிசி, பருப்பு, முட்டை. ஞாயிறானால் சர்ச்சில் கிடார். கல்யாண சீசன் வந்தால் மெல்லிசைக் குழுவில் கிடார். மேடையில் பட்டுப்புடவை கட்டி, கொண்டையில் மல்லிகை வைத்து, தோளில் மின்சார கிடாரை மாட்டிக்கொண்டு நிற்கிற பெண்மணியை இந்த ஜில்லாவில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அரூரில் ஒரு கல்யாண வரவேற்பில் அவர் வாசித்ததைக் கேட்டுவிட்டு, சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்த கூட்டம் பாதி வழியில் அப்படியே நின்றது. நானும் அந்தக் கூட்டத்தில் நின்றவன். பாயசம் தீர்ந்துவிட்டதற்குச் சுமதி இன்றைக்கும் என்னைத்தான் சொல்வாள்.

அந்தக் கிடார் ஊரடங்குக் காலத்தில் உறையிலேயே கிடந்தது. பிறகு எடுத்து மாட்டினால் ஊமையாகியிருந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் அக்கா குழுவிலிருந்த யாருடைய புதுக் கிடாரையோ இரவல் வாங்கி ஒப்பேற்றினார். “அதுவும் மங்கலாத்தான் கெடக்குது, புதுசுன்னுதான் பேரு” என்று என்னிடம் சலித்துக்கொண்டார். இந்த வாக்கியத்தை நான் அன்றே நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

தங்கவயல் கிளப் ஜன்னல்

கிடார் வந்த வழியைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அக்கா பிறந்தது கோலார் தங்கவயலில். அப்பா சுரங்கத்துக்குள் மரச்சட்டம் முட்டுக் கொடுக்கும் வேலை. அங்கே ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய. சனிக்கிழமை சாயங்காலம் கிளப்பில் பேண்டு வாசிப்பார்களாம். சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு உள்ளே வேலையில்லை. அக்கா ஜன்னலுக்கு வெளியே நின்று, உள்ளே வாசிக்கிறவரின் இடது கை எங்கெங்கே போகிறது என்று பார்த்து, வீட்டுக்கு வந்து விளக்குமாற்றுக் கட்டையில் விரல் வைத்துப் பழகியிருக்கிறார்.

“வெளக்கமாத்துல சத்தம் வராதுங்களே அக்கா?”

“மண்டைக்குள்ள வரும்ல?”

அந்த வாத்தியக்காரர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது, ஜன்னலில் தெரிந்த முகத்தை ஞாபகம் வைத்து, அந்த ஜப்பான் கிடாரை அக்காவின் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வேடிக்கை பார்க்கவா நிற்கிறாள், கற்றுக்கொள்ளவா நிற்கிறாள் என்று உள்ளேயிருந்து ஒருவர் கவனித்திருக்கிறார் பாருங்கள். முகம் தெரியாத அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மரியாதை வரும்.

பிரித்துப் பார்த்தபோது

கிடாருக்குள் இருக்கும் அந்தச் சாமானுக்கு பிக்கப் என்று பெயர். உள்ளே ஆறு சின்னக் காந்தம், அவற்றைச் சுற்றித் தாமிரக் கம்பி. அவ்வளவுதான். காந்தத்துக்கு மேலே இரும்புத் தந்தி அதிரும்போது கம்பியில் துளியூண்டு கரண்டு பிறக்கிறது. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிசாக்கி ஸ்பீக்கரில் தள்ளுகிறது. மோட்டாருக்கு நாம் கரண்டைக் கொடுத்தால் அது ஆடுகிறது. இங்கே தந்தி ஆடினால் கரண்டு வருகிறது. “தலைகீழ் மோட்டாருங்க அக்கா” என்றேன். அக்காவுக்கு அந்தப் பெயர் பிடித்துப்போய், அதற்குப் பிறகு அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

மீட்டர் வைத்தால் முள் அசையவில்லை. கம்பி எங்கோ உள்ளே அறுந்திருந்தது. மூடியைக் கழற்றினேன். ஒரு ஓரத்தில் பச்சையாகக் களிம்பு. அத்தனை வருஷ வியர்வை.

கம்பி தலைமுடிக் கனம்தான். நான் சுற்றுகிற மோட்டார் கம்பியை அதன் பக்கத்தில் வைத்தால் தாம்புக்கயிறு மாதிரித் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு பழைய கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவினேன். அப்போதுதான் அந்த வேலையைப் பார்த்தேன்.

எங்கள் தொழிலில் சுற்றுக்குப் பக்கத்தில் சுற்று, வரிசை பிசகாமல் படுக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் சூடாகும், எரியும். இந்தக் காயிலோ தூக்கணாங்குருவி கட்டினது மாதிரி இருந்தது. கம்பி ஒரு நேரம் அகலமாகப் போகிறது, ஒரு நேரம் குறுக்கே வருகிறது. ஆனால் எங்கேயும் இறுகவில்லை, எங்கேயும் தொங்கவில்லை. மிஷின் சுழன்றிருக்கிறது, கம்பியை மட்டும் யாரோ விரலால் பிடித்து விட்டிருக்கிறார்கள். ஜப்பானில் ஏதோ ஒரு ஊரில், வேலைக்கு வந்த யாரோ ஒருவர். அந்த விரல்கள் எந்த இடத்தில் கொஞ்சம் ஓய்ந்தன, எந்த இடத்தில் மறுபடி வேகம் பிடித்தன என்பதுகூடத் தெரிந்தது. சுமதியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அறுந்துபோன கம்பிய காட்டி எதுக்குங்க கண்ணு கலங்கறீங்க?” என்றாள். ஆனால் அவளும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

புதுக் கம்பியைப் பெங்களூரு பேட்டைக் கடை ஒன்றிலிருந்து வாங்கி வந்தேன். தையல் மிஷின் மோட்டாரையும் பெடலையும் மாட்டிச் சுற்றுகிற மாதிரி ஒரு சாதனம் செய்தேன். முதல் முறை சுற்றும்போது கை பழக்கத்துக்குப் போய்விட்டது. மோட்டார் காயில் மாதிரி அச்சடித்தாற்போல் வரிசையாகப் படுக்க வைத்துவிட்டேன். பார்க்க லட்சணமாக இருந்தது, வாசித்தால் எனக்கே தொண்டை கட்டினாற்போல் கேட்டது. அக்கா உதட்டைப் பிதுக்கினார். நியாயம்தான்.

இரண்டாம் முறை அந்த ஜப்பான் விரல்களை நினைத்துக்கொண்டே சுற்றினேன். காயில் முடிந்ததும் உருக்கிய மெழுகில் முக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே தளர்வாக இருக்கிற சுற்றுகள் தாங்களாகவே அதிர்ந்து, ஆம்ப்ளிஃபயரில் கீச்சென்று கத்தும். சித்தேரி மலையிலிருந்து தேன் கொண்டுவருகிறவரிடம் தேன்மெழுகு வாங்கி, வீட்டுப் பால் பாத்திரத்தில் உருக்கி, முக்கி எடுத்தேன். பால் பாத்திரம் பற்றிச் சுமதி சொன்னதை இங்கே எழுத முடியாது.

அந்த இரண்டாம் காயிலைத்தான் ‘இது என் கிடார் இல்ல’ என்று அக்கா திருப்பிக் கொடுத்தார்.

மெழுகின் மேல் போட்ட பழி

அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை.

காந்தம் சக்தி இழந்துவிட்டதா? ஸ்குரூ முனையை வைத்துப் பார்த்தேன். வெடுக்கென்று இழுத்தது. கம்பி கனம் தவறா? இல்லை. மீட்டர் ரீடிங் தவறா? பழையது எவ்வளவு இருந்திருக்குமோ அதை ஒட்டித்தான் இருந்தது. எல்லாம் சரியாக இருந்து சத்தம் மட்டும் சரியில்லை என்றால், தப்பு என் கையில்தானே இருக்க வேண்டும்? எனக்கு எப்போதும் கணக்கு அப்படித்தான் முடியும்.

“அன்னிக்கே சொன்னேன், எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சுன்னு” என்றாள் சுமதி.

“உனக்குக் கேட்டு என்ன பிரயோஜனம்? அவங்களுக்குக் கேக்கணும்.”

இப்படிச் சொன்னேனே தவிர, சொன்னதன் அர்த்தம் எனக்கே அப்போது தெரியவில்லை.

கடைசியில் பழியை மெழுகின் மேல் போட்டேன். தேன்மெழுகு கனமானது, அதுதான் போர்வையாகப் போய் மூடிக்கொண்டது என்று முடிவு கட்டினேன். மூன்றாம் முறையும் அதே மாதிரி சுற்றினேன். மெழுகில் முக்கவில்லை. கீச்சொலி வருமோ என்ற பயம் இருந்தது. அக்கா கிடாரைக் கொடுத்துவிடுவாரோ என்ற பயம் அதைவிடப் பெரிசு.

அக்கா பள்ளிக்கூடம் முடிந்து பஸ் பிடித்து வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து கிடாரை ஆம்ப்ளிஃபயரில் செருகினார். ஒரு தந்தியை மீட்டிவிட்டு, “இன்னும் கொஞ்சம் சத்தம் வெய்யி தம்பி” என்றார். வைத்தேன். “இன்னும்.” வைத்தேன்.

அப்போது வந்தது அந்தச் சத்தம். எவர்சில்வர் தட்டைக் கத்திமுனையால் கீறினால் பல் கூசுமே, அதைப் பத்து மடங்காக்கியது மாதிரி. நான் பயந்தது நடந்துவிட்டது. எதிர்க்கடை டீ மாஸ்டர் கையிலிருந்த டம்ளரோடு திரும்பினார். படியில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. சுமதி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உள்ளேயிருந்து வந்து, “ஐயோ, நிறுத்துங்களேன்!” என்று கத்தினாள்.

ரோஸ்லின் அக்கா அப்படியே உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, “இப்பவும் மங்கலாத்தான் இருக்குது தம்பி” என்றார்.

சொல்லிவிட்டுத்தான் நிமிர்ந்தார். சுமதியின் காதில் இருந்த கைகளைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். தெருவில் நின்ற டீ மாஸ்டரைப் பார்த்தார்.

“ஏன் சுமதி காதப் பொத்திக்கிட்டு இருக்கற?”

நான் பாய்ந்து ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன். “ஒண்ணும் இல்லீங்க அக்கா, மெழுகு போடாம விட்டுட்டேன், அதான்...” என்று உளறினேன்.

“உன்னக் கேக்கல. சுமதி, நீ சொல்லு. இப்ப எதோ சத்தம் வந்துச்சா?”

சுமதி கையை இறக்கினாள். “வந்துச்சுக்கா” என்றாள்.

கண்ணை மூடு, கையைத் தூக்கு

வேறொருவராக இருந்தால் அந்த இடத்திலேயே எழுந்து போயிருப்பார்கள். இல்லாவிட்டால் என் காயிலைத் திட்டியிருப்பார்கள். அக்கா என்ன செய்தார் தெரியுமா? இன்னொரு ஸ்டூலை இழுத்துத் தன் எதிரே போட்டார்.

“ஒக்காரு சுமதி. கண்ண மூடிக்கோ. நானும் மூடிக்கறேன். தம்பி கிடார வெச்சுக்கிட்டு தந்திய மட்டும் மீட்டட்டும். வளையலு சத்தம் கேக்கற நேரம் நீ கையத் தூக்கு. எனக்குக் கேட்டா நானும் தூக்கறேன். தம்பி, நீ அந்த டோன் குமிழத் தொறந்து தொறந்து மூடு. எப்பன்னு சொல்லாத.”

“எதுக்குங்க அக்கா இதெல்லாம்...”

“பள்ளிக்கூடத்துல பருப்பு வெந்துச்சான்னு நான் பாக்காம புள்ளைங்களுக்குப் போடறதில்ல. இதையும் நானே பாக்கணும்.”

ஆம்ப்ளிஃபயரை மறுபடி போட்டு, சத்தத்தைக் கீச்சொலி வராத அளவுக்குக் குறைத்துவிட்டு, தந்தியை மீட்டினேன். கிடாரில் டோன் குமிழ் என்று ஒன்று உண்டு. மூடினால் ஓசை அமுங்கும், திறந்தால் பளிச்சென்று வரும். திறந்தேன். சுமதியின் கை மேலே போனது. அக்காவின் கை மடியில் இருந்தது. மூடினேன். சுமதியின் கை இறங்கியது. மறுபடி திறந்தேன். சுமதியின் கை மட்டும் மேலே. அவள் கையில் கிடந்த வளையல்கள் முழங்கைப் பக்கம் சரிந்தன.

மூடியே வைத்துவிடலாமா என்று இருந்தது. மூடி வைத்துவிட்டால் இரண்டு பேர் கையும் மடியில் இருக்கும், ஒரு வித்தியாசமும் இருக்காது. ஆனால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, புருவம் நெரித்து, அத்தனை கவனமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற முகத்துக்கு எதிரே அதைச் செய்ய மனம் வரவில்லை. திறந்தேன்.

அக்கா கண்ணைத் திறந்தார். சுமதி கண்ணை மூடிக் கையைத் தூக்கி உட்கார்ந்திருந்தாள். அந்தக் கையை அக்கா பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் மீட்டிக்கொண்டே இருந்தேன், நிறுத்தினால் என்ன ஆகுமோ என்று.

“போதும் தம்பி.”

சுமதி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அக்கா குடித்துவிட்டு, வலது காதைத் தொட்டார்.

“டிரம்ஸ்காரன் எப்பவும் இந்தப் பக்கந்தான். தட்டு மாதிரி ஒண்ண வெச்சுக்கிட்டு அடிப்பான் பாரு, அது நேரா இங்கதான் வந்து வுழும். இந்தப் பக்கம் ஸ்பீக்கரு. எத்தன கல்யாணம், எத்தன திருவிழா.” பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். “அப்ப இத்தன நாளா உன் கம்பிய நான் சும்மா திட்டிக்கிட்டு இருந்தனா? நீயாவது வாயத் தொறந்து சொல்லக் கூடாதா, நான் சரியாத்தான் சுத்தியிருக்கறேன்னு?”

“அவுரா?” என்றாள் சுமதி. “மழ பெய்யலன்னாக்கூட தன்னாலதான்னு நெனக்கற ஆளுக்கா.”

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவர் எதைத் தொலைத்தார் என்று அந்தக் கடைக்குள் எல்லோரையும்விட எனக்குத் தெரியும். மூன்று முறை அதைத்தானே நான் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள் அக்கா தருமபுரியில் காது டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். கீச்சு, வளையல் குலுக்கல் மாதிரியான மேல் ஓசைகள் போனது போனதுதான், இனி திரும்பாது என்று சொல்லிவிட்டார்களாம். பேச்சு கேட்க மிஷின் வைத்துக்கொள்ளலாமாம். அதைச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்.

“இப்ப இருக்கற காயிலு சரியா, சரியில்லையா? உன் காதால கேட்டுச் சொல்லு. சந்தேகம் இல்லாம சொல்லணும்.”

சந்தேகம் இல்லாமல் ஒரு வார்த்தை நான் அதுவரை சொன்னதே கிடையாது. “சரிங்க அக்கா” என்றேன். “மெழுகுல மட்டும் முக்கிட்டா சரி.”

“அப்ப முக்கு. பெங்களூருக்காரர இங்கயே வரச் சொல்லியிருக்கறேன்.”

வந்தவர்

இளைஞராக இருப்பார் என்று நினைத்திருந்தேன். பாதி நரைத்த தாடியோடு ஒருவர் இறங்கினார். தாய்மொழி கன்னடம், தமிழ் நன்றாகவே பேசினார். கிடாரை வாங்கியதும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முதலில் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். மனிதர் நல்லவர் என்று அதிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. இவரிடம் அக்கா கொடுத்துவிடுவார் என்று அதனால் கவலை அதிகமானது.

“காயில் மாத்தினது யாரு?”

என்னைக் காட்டினார்கள். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாசித்துக்கூடப் பார்க்காமல் குலுக்குகிறாரே என்று எனக்குத் திக்கென்றது.

அக்கா கிடாரை வாங்கித் தோளில் மாட்டினார். “நான் வாசிக்கறேன். உங்க காதுக்கு என்னா கேக்குதோ, அத விட்டுடாம சொல்லணும். எனக்கு மேல் சத்தம் கேக்கறது நின்னுபோச்சு” என்றார். ஒளிக்காமல், தலைவலி என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

வாசித்தார். மெதுவான ஒரு பாட்டு. சர்ச்சில் வாசிக்கிறதாக இருக்கும். அரூர்க் கல்யாணத்தில் பாதி வழியில் என்னை நிறுத்திய அதே விரல்கள். தந்தியை எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும், ஒரு ஓசை அடங்க எத்தனை நேரம் கொடுக்க வேண்டும், ஒன்றும் குறையவில்லை. காதில் வராததை அவர் விரல்கள் வர வைத்துக்கொண்டிருந்தன.

முடித்துவிட்டு வந்தவர் முகத்தைப் பார்த்தார். “சொல்லுங்க.”

“சென்னாகிதே” என்றார் வந்தவர், தமிழ் மறந்துபோய். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அக்கா விடவில்லை.

“எல்லாரும் சொல்றது அது. எப்பிடி நல்லாருக்குது?”

அவர் தாடியைத் தடவி யோசித்தார். “மேல போறப்ப... ஐஸ் தண்ணி இருக்கற கண்ணாடி கிளாஸ ஸ்பூனால தட்டற மாதிரி. ஆனா கூசல. அடியில கொஞ்சம் கரகரன்னு, பழைய ஆளு குரல் மாதிரி. ரெண்டும் ஒண்ணா வருது. இப்படி ஒரு சத்தம் என்கிட்ட இருக்கற எந்தக் கிடார்லயும் இல்ல.”

அக்கா ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். ஊரிலிருந்து வந்தவரிடம் பிறந்த வீட்டு விஷயம் கேட்கிற மாதிரி. அவர் முடித்த பிறகும் இன்னும் ஏதாவது சொல்வாரா என்று பார்த்தார்.

பிறகு, “குடுக்கலீங்க” என்றார். “வர வெச்சு சொல்றனேன்னு கோச்சுக்காதீங்க. இங்க வர்ற வரைக்கும் குடுத்துடறதாத்தான் இருந்தேன்.”

வந்தவருக்கு முகம் வாடியது. மரியாதை குறையாமல்தான் கேட்டார். “அக்கா, தப்பா நெனக்காதீங்க. உங்களுக்குத்தான் இதோட பாதி சத்தம் கேக்காதே. கேக்கறவங்க கையில இருந்தா நல்லதில்லையா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதே கேள்வியைத்தான் நானும் பல நாளாக வாயைத் திறக்காமல் மென்றுகொண்டிருந்தேன்.

“வாசிக்கறவ கையில இருந்தா போதுங்க” என்றார் அக்கா. “கேக்கறதுக்குத்தான் இத்தன பேரு இருக்கறீங்களே.”

வந்தவர், ரிப்பேருக்கு வந்திருந்த ஒரு மோட்டாரின் மேலேயே, கிரீஸைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்தார்.

“அப்ப இன்னொண்ணு வாசிங்க அக்கா” என்றார்.

சுமதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். அக்கா வாசித்தார். நாங்கள் மூன்று பேரும் கேட்டோம்.